பிரிட்ஜ் கதவில் ஸ்டார்

தவமலரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் சொல்லப்போவதைக் கோபத்தில் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் பொய் சொல்லவில்லை.

அவள் என் அண்ணன் பாக்கியராசாவின் மனைவி, எனக்கு மச்சாள். களுவாஞ்சிக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த சாமித்தம்பியின் நான்காவது மகள். எண்பத்துமூன்று கலவரத்தோடு அண்ணன் ரொறன்ரோவுக்கு வந்து சேர, அடுத்த வருடம் மூன்று வயது மகள் சுகிர்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் தனியாக வந்தாள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வழியில் ஏதோவொரு விமான நிலையத்தில் இரண்டு நாள் பிடித்து இருத்தினார்களாம். அழவில்லை, ஒருவரையும் கெஞ்சவில்லை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாளாம். மோர்னிங்சைட்டில் அப்பார்ட்மென்ட் எடுத்தபிறகு திரைச்சீலை தைக்கும் பக்டரியில் வேலைக்குப் போனாள். பஸ் ஓடாத பனிநாளிலும் நடந்து போவாள். அரிசி மூட்டையை பஸ் தரிப்பிலிருந்து தோளில் தூக்கிவருவாள். அப்படிப்பட்ட பெண்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். சுகிர்தாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தது. எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது அதற்கு ஒன்றரை வயது. காய்ச்சலும் சத்தியும், குடித்த பால்கூட வயிற்றில் நிற்கவில்லை. மரங்கள் விழுந்து தெருவெல்லாம் அடைபட்டிருந்ததால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை போய்விட்டது. சூறாவளிக்கு முதல்நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று "பொடியன் ராசா மாதிரி இருக்கான்" என்று சொல்லியிருந்தாளாம். தவமலர் காற்றையும் மழையையும் விட்டுவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். நாவூறு. கண் பட்டால் கழிக்கலாம், நாக்குப் பட்டால் ஆளையே கொண்டுபோகும் என்பது அவளுடைய தீர்மானம். அந்தப் பிள்ளைக்காக நானும் அழுதிருக்கிறேன். அதனால்தான் அவளுடைய வீட்டில் என் வாயை நான் கவனமாக வைத்திருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள்.

நான் புஸ்பராணி. அண்ணனுக்கு நேரே இளையவள். எண்பத்தைந்தில் வந்து அவர்களோடுதான் இருந்தேன். டோனட் கடையில் காலை வேலை. சுகிர்தாவும் நானும் ஒரே அறையில் படுப்போம். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

எண்பத்தாறு செப்டம்பரில் அவளை முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல்நாள் விடிய தவமலர் பிள்ளையைச் சமையலறையில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு இரு. ரீச்சரைக் கேளாமல் எழும்பாதே. வகுப்பில் வாய் காட்டாதே. இந்தியக் கடைக்காரர் பிள்ளைகளைப் போல இரைச்சல் போடாதே. இன்னும் என்னென்னவோ சொன்னாள். நான் வேலைக்கு ஓடும் அவசரத்தில் எல்லாவற்றையும் கேட்கவில்லை.

இரண்டாம் கிழமை சுகிர்தா புறங்கையில் ஒரு தங்கநிற ஸ்டார் ஒட்டிக்கொண்டு வந்தாள். ரீச்சர் கொடுத்தாவாம். தவமலர் அதை நகத்தால் மெல்லக் கிளப்பி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அடுத்தநாள் இன்னொன்று. சில நாட்களில் இரண்டு. கார்த்திகை மாதமளவில் கதவின் மேல்பாதி மினுங்கத் தொடங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் எடுக்கும் சாட்டில் அவர்களைப் பிரிட்ஜடிக்குக் கூட்டிப்போய் நிறுத்துவாள்.

ஒருநாள் நானும் அதன்முன் நின்று பெருமையோடுதான் சொன்னேன்.

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இவ்வளவு மூளை இல்ல கா. இவளுக்கு எங்கயிருந்து வந்திச்சு?"

அன்று பின்னேரம் சுகிர்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. பல் கிட்டும் நடுக்கம், பிறகு சத்தி. குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. தவமலர் பிள்ளையைச் சுற்றிய போர்வைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை.

கிளினிக்கில் வைரஸ் என்றார்கள். இளஞ்சிவப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்கள். அதைக் குடிக்கக் காய்ச்சல் மாறியது. மாதம் திரும்ப மறுபடியும் அதே காய்ச்சல், அதே சத்தி. மறுபடியும் கிளினிக், அதே இளஞ்சிவப்பு மருந்து. பிள்ளை காலையில் பால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று தலையாட்டத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தால் வந்தால் சப்பாத்தையும் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுவாள். எங்கள் கண்ணுக்கு முன்னால் எல்லாம் நடந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. தவமலருக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு காய்ச்சலுக்கும் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தாள். "நல்ல சட்டை" என்றேனாம், காய்ச்சல். "நல்லாச் சாப்பிடுறா" என்றேனாம், சத்தி. முதலில் பிள்ளையை என் அறையிலிருந்து எடுத்தாள். பிறகு நான் வேலையால் வரும் நேரம் பார்த்துப் பிள்ளையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிவிட்டு, அதைக் கொண்டுவந்து என் அறை வாசலில் வைப்பாள். நான் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு மூன்று பஸ் மாறிப்போய் நூல் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த நூலோடும் காய்ச்சல் வந்தது.

அண்ணன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அண்ணன் டிவியில் செய்தி பார்த்தார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைக்காரி, ஒன்றைப் பறிகொடுத்தவள், போகட்டும் என்று விட்டேன். அவள் அதோடு நிற்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ரெக்ஸ்டேலில் அருள்நாயகம் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், எங்கள் பகுதி ஆள்தான். அவருடைய தமக்கை இராஜேஸ்வரி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தா. அவரும் ஒருநாள் டோனட் கடைக்கு வந்து, ஒரு கோப்பி வாங்கி, அது ஆறிப்போகும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு பேசி முடிப்பதாக இருந்தது.

தைப்பொங்கல் வந்தது. ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கீழ்மாடியில் இருந்த பேர்ணடெற்தான் கடைசியில் எனக்குச் சொன்னாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஒளிக்கத் தெரியாது.

"உங்கட மச்சாள் இராஜேஸ்வரி அக்காவுக்குப் போன் அடிச்சிருக்கிறா. பொம்பிளை நல்லவ, ஆனா நாக்குப் பொல்லாது, இவ வீட்டில இருக்கிறதாலதான் எங்கட பிள்ளைக்கு மாதாமாதம் காய்ச்சலும் சத்தியும் எண்டு சொன்னவவாம். இராஜேஸ்வரி அக்காவுக்கு மூண்டு பிள்ளையள் எல்லே. பயந்திட்டா."

நான் மேலே போய்த் தவமலரைக் கேட்டேன். அவள் கரட் சீவிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

"ஓம், சொன்னன் மச்சாள். இன்னொரு வீட்டுப் புள்ளைகளுக்கும் இது வரக்கூடா."

அவள் அதை நியாயம் பேசுவதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றியது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அன்றைக்கே என் சூட்கேசை எடுத்துக்கொண்டு பேர்ணடெற்றின் வீட்டுக்கு இறங்கினேன். படியிறங்கும்போது எனக்குள் ஒன்றைத் தீர்மானித்தேன். இவள் ஒருநாள் நாலுபேர் முன்னால் வாயடைத்து நிற்கவேண்டும். அதை நான் கண்ணால் காணவேண்டும். அதற்குப் பிறகு கடையில் டோனட்டுக்குச் சீனி தூவும்போதும் அதைத்தான் நினைத்தேன்.

நான் போனபிறகும் காய்ச்சல் நிற்கவில்லை. என் நாக்கு இல்லாத வீட்டில், மாசி மாதம் வந்தது எல்லாவற்றிலும் பொல்லாததாக வந்தது. பிள்ளை கண்ணைச் செருகிவிட்டாள் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கேதான் முதன்முதலாகச் சலத்தை, சிறுநீரை, எடுத்துச் சோதித்தார்கள். சலத்தில் கிருமி. படம் எடுத்துப் பார்த்ததில் சலம் மேலே திரும்பிச் சிறுநீரகத்துக்கே போகிறதாம். ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது. இப்படி இன்னும் காய்ச்சல் வந்தால் அந்தச் சிறுநீரகம் போய்விடும் என்று டொக்டர் சொன்னாராம். சலத்தை அடக்கி வைத்திருக்கிற பழக்கம் உண்டா என்றும் கேட்டாராம். அண்ணன் மொழிபெயர்க்க, தவமலர் சொன்ன மறுமொழி இது:

"என்ர புள்ள அடக்கிறவ இல்ல. நான் நல்லாப் பழக்கி வெச்சிருக்கன்."

இதை அண்ணன் போனில் எனக்குச் சொன்னார். தவமலர் மத்தியானம் சாப்பிடக் கீழே போவாள், அந்த நேரம் வந்து பிள்ளையைப் பார் என்றும் சொன்னார். அவரால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

நான் போனபோது சுகிர்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் பாதியாகிவிட்டது. ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பேச வாயெடுக்கவில்லை. கதவடியில் ஒரு நேர்ஸ் வந்ததும், சும்மா கிடந்த கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். நேர்ஸ் சிரித்துக்கொண்டு தன் விரலையும் உயர்த்தினாள். "நம்பர் வன் கேர்ள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை விரலை மெல்ல இறக்கினாள். தொடைகளை இறுக்கிக்கொண்டாள்.

களுவாஞ்சிக்குடியில் வகுப்பில் இருந்து அதே விரலை நானும் காட்டியிருக்கிறேன். ஒரு விரல் என்றால் ஒண்டுக்கு, இரண்டு விரல் என்றால் ரெண்டுக்கு. வாயால் கேட்டால் வாத்தியார் குட்டுவார்.

"ஒண்டுக்கு வருதா ராசாத்தி?"

"ஓம் மாமி."

சேலைன் கம்பியையும் தள்ளிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன். நெடுநேரம் இருந்தாள். அப்படியே குந்திக்கொண்டு அவளிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலயும் இப்பிடி விரலைத்தான் காட்டுறனீயா?"

"ஓம். ரீச்சர் ஸ்டார் தருவா."

"தந்தாப் பிறகு?"

"ஸ்டார் தந்தா இருக்கச் சொல்லுறா எண்டுதானே. நான் அடக்கிக்கொண்டு இருப்பன்."

"விளையாட விடுற நேரம் போறல்லையா?"

"ரீச்சரைக் கேளாமப் போகக்கூடா எண்டு அம்மா சொன்னவ."

"விரலைக் காட்டச் சொன்னது ஆரு?"

"அம்மா."

டோனட் கடை ஆங்கிலம் என்னிடம் இருந்தது. நேர்ஸைப் பிடித்து நிறுத்தி, பிள்ளையின் விரலைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் வாஷ்ரூம்" என்று மூன்றுதரம் சொன்னேன். மூன்றாந்தரம் அவளுக்கு விளங்கியது. டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் கேட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னேரம் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாம் விளங்கப்படுத்தியிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் அடித்தார்.

"இதை நான் எப்பிடி அவளுக்குச் சொல்லுற?"

"நீங்க சொல்லவேணாம். நான் சொல்லுறன்."

பிள்ளையின் வருத்தத்துக்குக் காரணம் தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. பெயர் சொல்லவேண்டுமானால் சந்தோசம். உடம்பெல்லாம் சூடேறும் சந்தோசம். அதை ஏன் மறைக்க?

ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று ஊர்ச்சனம் எல்லாம் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ்சும் கொண்டு வந்தது. ரெக்ஸ்டேலிலிருந்து இராஜேஸ்வரி அக்காவும் வந்திருக்கிறா என்று பேர்ணடெற் பார்த்துவந்து சொன்னாள். நான் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினேன். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

தவமலர் கதவை அரைவாசிதான் திறந்தாள். "புள்ள நித்திரை" என்றாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இருந்தவர்களைத் தாண்டி, நேரே பிரிட்ஜடியில் நின்றேன். ஒரு ஸ்டாரை நகத்தால் கிளப்பி எடுத்தேன்.

"இது என்னெண்டு தெரியுமா கா?"

நான் அவசரப்படாமல் சொன்னேன்.

"இது உன்ர புள்ள ஒண்டுக்குப் போகக் கேட்டது. இதுவும் கேட்டதுதான். இதுவும். விரலைக் காட்டியிருக்கு. அந்தப் பொம்பிளைக்கு எங்கட பழக்கம் தெரியுமா? நம்பர் வன் எண்டு சொல்லுது எண்டு நினைச்சு ஸ்டார் குடுத்திருக்கா. புள்ள அடக்கிக்கொண்டு இருந்திருக்கு. காய்ச்சலும் சத்தியும் அதிலதான் வந்தது. பொய்யெண்டா அண்ணனைக் கேள், டொக்டர் அவரிட்டச் சொல்லிப்போட்டார்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"விரலைக் காட்டச் சொல்லிக் குடுத்தது ஆரு மச்சாள்? இப்ப சொல்லு. என்ர நாக்கா, உன்ர விரலா?"

இராஜேஸ்வரி அக்கா தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தா. தவமலரின் வாய் திறந்தபடியே இருந்தது, சொல் வரவில்லை. இத்தனை நாளாக நான் மனதுக்குள் போட்டுப்போட்டுப் பார்த்த அதே முகம். நான் ஆறுதலாக நின்று பார்த்தேன். பிறகு அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பிரிட்ஜடிக்கு வந்தாள். மிச்ச ஸ்டார்களை ஒவ்வொன்றாகச் சுரண்டத் தொடங்கினாள். நகம் கிழிந்து இரத்தம் வந்தது. ஒருவரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

அடுத்தநாள் காலை பேர்ணடெற்றின் கதவடியில் வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வாங்க மச்சாள். எனக்கு இங்கிலீசு இல்ல."

போனேன். பிள்ளையின் சிறுநீரகத்துக்காகப் போனேன். அந்த ரீச்சர் என்ன முகம் காட்டப்போகிறாள் என்று பார்க்கவும் போனேன்.

மணி அடிக்க முன்னர் ரீச்சர் வகுப்பில் தனியாக இருந்தாள். செம்பட்டை மயிர், சின்ன வயது, நல்ல சிரிப்பு. எங்களைக் கண்டதும் எழும்பி, சுகிர்தா எப்படி இருக்கிறாள் என்று அன்பாகத்தான் கேட்டாள். தவமலர் கைக்குட்டையில் முடிந்து வந்த ஸ்டார்களை மேசையில் கொட்டினாள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை பிடித்திருந்தன. பிறகு பள்ளிப்பிள்ளை போல நேரே நின்று, இடக்கையை நெஞ்சோடு கட்டி, வலக்கையின் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

ரீச்சர் குழம்பிப்போனாள். பிறகு சிரித்து, தன் விரலையும் உயர்த்தினாள்.

"நம்பர் வன்" என்றாள்.

தவமலர் விரலை இறக்கவில்லை. நான்தான் சொல்லவேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் நான் உடனே சொல்லவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன். தன் பிள்ளை எத்தனை நாள் எப்படி நின்றது என்று அவளுக்குத் தெரியட்டும். அவளுடைய கண்ணிலிருந்து நீர் ஓடி நாடியில் வந்து நின்றது. ரீச்சரின் சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதன்பிறகுதான் சொன்னேன்.

"டொய்லெட். ஷி இஸ் ஆஸ்கிங் டொய்லெட். எவ்ரி டே, சுகிர்தா ஆஸ்கிங்."

ரீச்சர் இன்னும் தூக்கியபடி இருந்த தன் விரலைப் பார்த்தாள். மேசையில் கிடந்த ஸ்டார்களைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தவமலர் அதையும் நின்று பார்த்தாள். அவள் நினைத்து வந்த சண்டைக்கு அங்கே ஆள் இருக்கவில்லை. "போவம்" என்றாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் இரண்டுபேரும் நின்றோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள்" என்றாள். "நான் உங்களுக்கு..."

அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டால் அவளுக்கு ஆறிவிடும். அழுது, மூக்கைச் சீறி, வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவாள். நான் ஒரு விரலை என் உதட்டில் வைத்தேன்.

"பஸ் வருது" என்றேன்.

இப்போது எண்பத்தொன்பது. இரண்டு வருடமாகச் சுகிர்தாவுக்குக் காய்ச்சல் இல்லை. தினமும் படுக்கமுன் ஒரு கரண்டி மருந்து. சிறுநீரகம் தப்பிவிட்டது என்று டொக்டர் சொல்கிறார். அந்த ரீச்சர் வருடம் முடியுமட்டும் அவளைக் கையில் பிடித்துத் தானே கூட்டிப்போனாளாம். இப்போது பிள்ளை ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிக்கிறாள், என்னிடம் மட்டும் தமிழில் வருகிறாள். அருள்நாயகம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பக்கம் போய்விட்டார். போன வருடம் கோயிலில் கண்டேன். கார் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு மற்றப்பக்கம் பார்த்தார்.

தவமலர் இன்னும் அதே கட்டடத்தில்தான். துணி தோய்க்கும் அறையில் காண்பேன், பிறந்தநாள் வீடுகளில் காண்பேன். என்னைத் தனியாகக் கண்டால் கிட்ட வருவாள். கையைப் பிசைவாள். "மச்சாள், உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்" என்று தொடங்குவாள்.

"புள்ள சுகமா?" என்று நான் கேட்பேன்.

"சுகம்" என்பாள்.

நல்லது என்று சொல்லிவிட்டு நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இரண்டு வருடமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். பேர்ணடெற் கூட, பாவம், ஒருதரம் கேட்க விடுங்கோவன் என்கிறாள்.

அடக்கட்டும்.